அம்மாவுக்குத் திரும்பக் கண்ணாடி வாங்கணும், ஆன்லைனா ஜங்ஷன் கடையா?

முக்கூடல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க. சொந்த ஊரு முக்கூடல், வேலை பெங்களூர்ல. அம்மாவுக்கு வயசு 53, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே பீடி சுத்துதாங்க, இப்பவும் நாளைக்கு ஆயிரம் பீடின்னு கணக்கு வச்சுத்தான் உக்காருவாங்க. ரெண்டு வருசமா நூல் கட்டும்போது கண்ணு தெரியல, முனைய கைப்பழக்கத்துலதான் மடக்குதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பீடிக் கடைல கழிச்சுப் போடுததும் கூடிக்கிட்டே போச்சு.

பொங்கல் லீவுக்கு வந்தப்போ திருநெல்வேலி ஜங்ஷன்ல கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பவர் பாத்தோம். வலது பிளஸ் 0.75, சிலிண்டர் மைனஸ் 0.75, ஆக்சிஸ் 90 (சிலிண்டர்னா கண்ணோட வளைவு ஒரே சீரா இல்லாததுக்குப் போடுத பவர், ஆக்சிஸ் அதோட கோணம்). இடது பிளஸ் 1.00, சிலிண்டர் மைனஸ் 0.50, ஆக்சிஸ் 90. ரெண்டுக்கும் ஆட், அதாவது கிட்டப் பார்வைக்குக் கூட்டுத பவர், பிளஸ் 2.00. அங்கனயே கண்ணாடி போட்டிருக்கலாம். நான்தான் வேண்டாம், ஆன்லைன்ல நல்ல ஃபிரேமா பாத்து வாங்குவோம்னு சீட்ட மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன். தூரத்துக்கு ஒண்ணு கிட்டத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போட வேண்டாம்னு புரோக்ரசிவ் லென்ஸ் ஆர்டர் போட்டேன், 4,200 ரூபா. பிடி அளவுக்கு, அதாவது ரெண்டு கருமணிக்கும் நடுவுல எத்தன மில்லிமீட்டர்னு பாக்க, போட்டோ கேட்டுச்சு, தங்கச்சி போன்ல எடுத்து அனுப்பினா, 61ன்னு வந்துச்சு. அஞ்சு நாள்ல கண்ணாடி வீட்டுக்கு வந்துட்டு.

கேட்டா நல்லாருக்குப்பான்னு சொன்னாங்க. ஆனா போன வாரம் தங்கச்சி சொல்லுதா, நான் வீடியோ கால் போடும்போது மட்டுந்தான் அத மாட்டுதாங்களாம். பீடி சுத்த உக்காந்தா டவுன் ரதவீதில வாங்குன 150 ரூபா கண்ணாடியத்தான் போடுதாங்களாம். புதுசப் போட்டா தலைய அங்கயும் இங்கயும் திருப்ப வேண்டி இருக்கு, தாடைய மேல தூக்கிப் பாக்க வேண்டி இருக்கு, கழுத்து வலிக்கு, வாசப்படி எறங்கும்போது தரை மங்கலா தெரியுதுன்னு அவகிட்ட சொல்லிருக்காங்க. பிள்ளை செலவழிச்சு வாங்கித் தந்தது, அவன்கிட்ட சொல்லாதன்னு வேற சொல்லிருக்காங்க. இதக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல.

எனக்கும் ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 4.50. மூணு கண்ணாடி ஆன்லைன்லதான் வாங்கிருக்கேன். ஒண்ணு மட்டும் சாயங்காலம் ஆனா தலவலி வரும், கம்ப்யூட்டர் பாக்கதுனாலன்னு நெனச்சுக்கிட்டேன், மத்தது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் அம்மாவுக்கும் தைரியமா போட்டேன். இப்ப திரும்ப ஆன்லைன்லயே வேற தளத்துல வாங்கவா, இல்ல கடைக்கே கூட்டிட்டுப் போகவா? அனுபவம் உள்ளவிய சொல்லுங்க.

பெருமாள்புரம்83:

தம்பி, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நான் ஆறு வருசமா ஆன்லைன்லதான் வாங்குதேன், வீட்ல நாலு பேருக்கும். ஆன்லைன் கெட்டதுன்னு ஒரே அடியா சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன், ஏன்னா கடைல நான் பட்டது அப்படி. 2018ல இங்க ஒரு கடைல (பேரு வேண்டாம்) என் மைனஸ் 2 பவருக்கு 1.67ங்கிற மெல்லிசு லென்ஸ்தான் போடணும்னு சொல்லி 6,500 வாங்குனாங்க. பில்லுல என்ன லென்ஸ், என்ன கோட்டிங்னு ஒண்ணும் எழுதல, வெறும் லென்ஸ்னு மட்டும் இருந்துச்சு. பொறவு படிச்சுப் பாத்தாத்தான் தெரியுது, மைனஸ் 2க்கு சாதா 1.50 லென்ஸே போதும், 1.67 எல்லாம் அஞ்சு ஆறு பவர் உள்ளவியளுக்கு ஓரம் தடிப்பா வராம இருக்கத்தான். இதக் கடைல யாராவது சொன்னாங்களா? ஆன்லைன்ல ஒவ்வொண்ணுக்கும் வெலை தனித்தனியா கண்ணு முன்னாடி நிக்கி, வேண்டாம்னா தட்டி விட்டுரலாம், அந்த மரியாதை எனக்குப் பிடிச்சிருக்கு.

அந்தக் கடைல நீல வெளிச்சத்தத் தடுக்குத புளூ கட்டும் போட்டு விட்டாங்க, கம்ப்யூட்டர் பாத்தா கண்ணு கெட்டுரும்னு பயமுறுத்தி. 2023ல மருத்துவ ஆய்வுகளத் தொகுத்துப் பாக்குத காக்ரேன் காரங்க 17 ஆய்வச் சேத்து வச்சுப் பாத்துட்டு, கண் அசதி குறையுததுக்கு சாதா லென்ஸ விட அதுல பலன் இல்லைனுதான் எழுதிருக்காங்க. ஆன்லைன்லயும் அதத் தலைல கட்டப் பாப்பாங்க, ஏமாறாதிய. இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22ல இருந்து பவர் கண்ணாடிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதந்தான், எங்க வாங்குனாலும் பில்லப் பாத்துக்கிடுங்க.

ஃபிரேம் சைஸுக்கு ஒரு வழி சொல்லுதேன். பழகுன கண்ணாடில காதுல மாட்டுத கம்பிக்கு உள்பக்கம் 52 18 140ன்னு மூணு நம்பர் இருக்கும். லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம், எல்லாம் மில்லிமீட்டர்ல. புதுசுக்கும் அத ஒட்டியே பாத்தா முகத்துல சரியா உக்காரும். என் அபிப்பிராயம், அம்மாவுக்குப் புரோக்ரசிவ் மட்டும் கடைல போடுங்க, உங்களுக்கு ஆன்லைன் போதும்.

டவுன்லென்ஸ்அக்கா:

தம்பி, நான் 19 வருசமா கண்ணாடிக் கடைல ஃபிட்டிங் வேலை பாக்கேன். எங்க கடைக்கு ஆள் பிடிக்கன்னு நெனச்சிராதிய, கடைப் பேரே சொல்லல. நீங்க எழுதுனதப் படிச்சதும் உங்க அம்மா கண்ணு முன்னாடி வந்துட்டாங்க, ஏன்னா பீடி சுத்துத பெண்கள் எங்ககிட்ட நிறைய வாராங்க, மேலப்பாளையத்துல இருந்து, ஆலங்குளத்துல இருந்து, முக்கூடல்ல இருந்து, எல்லாரும் சொல்லுதது இதே கழுத்து வலி.

மொதல்ல ஒண்ணு. 150 ரூபா கண்ணாடில ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டரும் கிடையாது, அவங்க பவருக்கு அது சேராது. ஆனாலும் புதுச விட்டுட்டு ஏன் அதப் போடுதாங்க? மேல இருந்து கீழ வரை, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரை முழு லென்ஸும் ஒரே பவர், அதனாலதான். கண்ணு எங்க போனாலும் ஒரே மாதிரி தெரியும்.

புரோக்ரசிவ்ல அப்படி இல்ல. மேல தூரம், நடுவுல கொஞ்சங் கொஞ்சமா மாறும், கருமணிக்கு நேரே இருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல கீழ எறங்கினாத்தான் முழு ஆட் கிடைக்கும், அதுவும் ஒரு சின்ன இடத்துலதான். ரெண்டு பக்க ஓரமும் மங்கலாத்தான் இருக்கும், எவ்வளவு வெலை கொடுத்தாலும் கொஞ்சமாவது இருக்கும். பஸ்ல போக, கடைல சாமான் வாங்க, போன் பாக்க, நாலு பேரப் பாத்துப் பேச அது அருமையான லென்ஸ், நானே போட்டிருக்கேன். ஆனா மடில தட்ட வச்சுக்கிட்டு, வெட்டுன இலை ஒரு பக்கம், தூள் நடுவுல, நூல் ஒரு பக்கம்னு அகலமா பரத்தி வச்சு ஆறு ஏழு மணி நேரம் குனிஞ்சு பாக்க வேலைக்கு அந்தச் சின்ன இடம் பத்தாது. அதான் தலைய திருப்புதாங்க, தாடைய தூக்குதாங்க. படில மங்கலா தெரியுததும் இதனாலதான், கீழ பாக்கும்போது தரைய கிட்டப் பவர் வழியா பாக்காங்க. படி எறங்கும்போது தலையக் குனிஞ்சு லென்ஸோட மேல்பாதி வழியா பாக்கச் சொல்லுங்க, விழுந்துரக் கூடாது.

இது போக உயரம்னு ஒரு அளவும் இருக்கு. புரோக்ரசிவ் லென்ஸ்ல கருமணிக்கு நேரே வர வேண்டிய ஒரு புள்ளி உண்டு. நாங்க அந்த ஃபிரேமையே முகத்துல மாட்டி, அவங்க சாதாரணமா எப்படி உக்காருவாங்களோ அப்படியே உக்கார வச்சு, எதிர்க்க நாங்களும் அதே உயரத்துல உக்காந்து, டம்மி லென்ஸ்ல பேனாவால புள்ளி வச்சுத்தான் உயரம் எடுப்போம். போன்ல எடுத்த முக போட்டோவுல இத அதே மாதிரி எடுக்க முடியாது, கண்ணாடி மூக்குல எவ்வளவு எறங்கி உக்காரும்னு அதுக்குத் தெரியாதுல்லா. மூணு நாலு மில்லிமீட்டர் கீழ போனா வாசிக்குத இடம் அவ்வளவும் கீழ போயிரும், தாடைய தூக்காம தெரியாது. உங்க அம்மா பவருக்குப் பிடி ரெண்டு மில்லிமீட்டர் முன்னப் பின்ன இருந்தாக்கூட பெருசா தெரியாது. அவங்களுக்கு உயரமும் லென்ஸ் வகையுந்தான் பிரச்சினைன்னு நெனைக்கேன்.

உங்களுக்குத்தான் பிடி முக்கியம் தம்பி. மைனஸ் 4.50க்கு ரெண்டு கண்ணும் சேத்து நாலு மில்லிமீட்டர் தப்பினா 1.8 பிரிசம், அதாவது பாக்கதப் பக்கவாட்டுல தள்ளிக் காட்டுத சுமை, கண்ணுமேல ஏறும். கணக்கு லேசுதான், எத்தன சென்டிமீட்டர் தள்ளிருக்கோ அத பவரால பெருக்கணும், 0.4 பெருக்கல் 4.5. கண்ணு ரெண்டும் அத இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், சாயங்காலம் தலவலிக்கும். அந்த ஒரு கண்ணாடிய எங்கயாவது லென்ஸோட பவரையும் நடுப்புள்ளியையும் அளக்குத லென்சோமீட்டர்ல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் மேல மட்டும் பழியப் போட்டுட்டு விட்டுராதிய.

அம்மாவுக்கு என் யோசனை, பீடி சுத்த மட்டும் தனியா சிங்கிள் விஷன், அதாவது முழு லென்ஸும் ஒரே பவர் உள்ள கண்ணாடி. அவங்க சிலிண்டரோட, ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி பவரோட. வெலையும் அதுக்குத்தான் கம்மி. ஆனா ஒரு காரியம் பண்ணணும், மடில தட்டு இருக்கும்போது கண்ணுக்கும் தட்டுக்கும் எவ்வளவு தூரம்னு இன்ச் டேப்புல அளக்கச் சொல்லுங்க. புத்தகம் வாசிக்குத 33 சென்டிமீட்டருக்கும் மடில உள்ள 45 சென்டிமீட்டருக்கும் கிட்டத்தட்ட முக்கால் பவர் வித்தியாசம் வரும். புத்தகத்துக்குப் போட்ட பவரப் பீடிக்குப் போட்டா அவங்க தெளிவா தெரியுத இடத்தத் தேடிக் குனிஞ்சுக்கிட்டே போவாங்க, கடைசில முதுகும் போயிரும்.

பேட்டைவாசி:

அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல, ஒரு கேள்விதான். தம்பி, அம்மாவுக்கு சுகர் இருக்கா, பாத்தியளா? எங்க ஐயாவுக்கு ஒரே வருசத்துல மூணு கண்ணாடி மாத்துனோம், ஒவ்வொண்ணும் ஒரு மாசந்தான் சரியா இருக்கும். ஆன்லைன்காரன் ஏமாத்திட்டான், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம். கடைசில பாத்தா சுகர் 300க்கு மேல. சுகர் ஏறி எறங்கும்போது கண்ணுக்குள்ள உள்ள லென்ஸ் தண்ணி கோத்துக்கிட்டு பவரே மாறிருமாம், சுகர் கட்டுக்குள்ள வந்து கொஞ்ச நாள் ஆன பொறவுதான் கண்ணாடிக்கு எழுதணும்னு டாக்டர் சொன்னாங்க. சுகர் உள்ளவியளுக்கு வருசத்துக்கு ஒரு தடவை மருந்து விட்டு விழித்திரையும் பாக்கணும். வீட்டுக்கு வந்து பவர் மட்டும் எடுத்துட்டுப் போறவங்க இதப் பாக்க மாட்டாங்க. 40 தாண்டினா கண் பிரஷரும் பாத்துருங்க, அது வலிக்காம கொள்ளாம பார்வையத் தின்னுட்டு இருக்கும்.

நம்ம பக்கம் கண் ஆஸ்பத்திரிக்குக் கொறை இல்ல. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல பொறந்த டாக்டர் வெங்கடசாமி 1976ல மதுரைல 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் 1988லயே நம்ம ஜங்ஷனுக்கு வந்துட்டு. பக்கத்துல வச்சுக்கிட்டு நாம போகாம இருக்கதுதான் வருத்தமா இருக்கு.

பாளைடீச்சர்:

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியதான், ஆனா பெத்தவங்க இதப் படிப்பீங்கன்னு எழுதுதேன். என் வகுப்புல ஆறாப்பு படிக்க ஒரு பிள்ளைக்கு அப்பா வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல கண்ணாடி ஆர்டர் போட்டு அனுப்பினாரு, பாசத்தோட பெரிய ஃபிரேமா. அது மூக்குல நிக்காம நழுவிக்கிட்டே இருக்கும், பிள்ளை கண்ணாடிக்கு மேல கூடித்தான் போர்டப் பாக்கும். கண்ணாடி போட்டும் போடாத மாதிரிதான். நான் பாத்துட்டு அவங்க அம்மாகிட்ட சொன்னேன், பக்கத்துக் கடைல கம்பிய லேசா சூடு காட்டி வளைச்சு, மூக்குப் பட்டைய மாத்தி விட்டாங்க, 50 ரூபா வாங்கிட்டு. மறுநாளே பிள்ளை கடைசி பெஞ்சுல இருந்து போர்ட வாசிச்சா. எனக்கு அன்னைக்கு முழுக்க சந்தோசம்.

பிள்ளையளுக்கு வாங்கினா பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்க, வெளையாடும்போது பந்து பட்டாலும் லேசுல நொறுங்காது. மொத தடவை பவர் பாக்கும்போது சொட்டு மருந்து விட்டுத்தான் பாக்கணும், இல்லன்னா பிள்ளை கண்ண இறுக்கி இறுக்கிப் பாத்து தப்பான பவர் வந்துரும். இத ஆன்லைன்லயும் பண்ண முடியாது, எல்லாக் கடைலயும் பண்ண முடியாது, கண் டாக்டர்கிட்டதான் போகணும். அரசுப் பள்ளில படிக்கவங்களுக்கு கண்ணொளி காப்போம் திட்டத்துல கண்ணாடி இலவசமாவே கிடைக்கு, பள்ளிக்கூடத்துல கேளுங்க.

முக்கூடல்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்க எழுதுனத தங்கச்சிய வச்சு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டச் சொன்னேன். நான் பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு அம்மா வேலைய யோசிக்கவே இல்ல, ஃபிரேம் கலரு யோசிச்சேன், வெலை யோசிச்சேன், ஒரு கண்ணாடியா ரெண்டு கண்ணாடியான்னு யோசிச்சேன், தட்டு மடில இருக்கும்ங்கிறது ஞாபகத்துலயே வரல. சின்ன வயசுல அந்தத் தட்டுக்குப் பக்கத்துல உக்காந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

தங்கச்சி அளந்துட்டா. 46 சென்டிமீட்டர். சுகர் பாத்தாச்சு, சாப்பிடாம 104, கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்லிருக்காங்க. ஒரு சந்தேகம் அக்கா, சிங்கிள் விஷன்னா சீட்டுல உள்ள ஆட்ட மேல உள்ள பவரோட கூட்டி, வலது பிளஸ் 2.75, இடது பிளஸ் 3.00ன்னு போட்டு நானே ஆர்டர் கொடுத்துரலாமா? சிலிண்டர் அப்படியேதானே?

டவுன்லென்ஸ்அக்கா:

கூட்டுனது சரிதான் தம்பி, சிலிண்டரும் ஆக்சிஸும் மாறாது. ஆனா அது வாசிக்குத தூரத்துக்கு எழுதுன பவர். 46ன்னா கொஞ்சம் குறைக்க வேண்டி வரும், எவ்வளவுன்னு நீங்களும் நானும் இங்க உக்காந்து சொல்லக் கூடாது. சீட்டு எழுதுன எடத்துக்கே கூட்டிட்டுப் போய் பீடித்தட்டையும் கொண்டு போகச் சொல்லுங்க. வெக்கப்பட வேண்டாம், டிரையல் ஃபிரேம்ல லென்ஸப் போட்டு தட்ட மடில வச்சு ஒரு கட்டு நூல் கட்டிப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சுரும். கிட்டப் பார்வைக்குப் பிடி தூரத்தை விட மூணு மில்லிமீட்டர் போல குறையும், அதையும் எழுதி வாங்கிக்கிடுங்க. இவ்வளவும் கைல இருந்தா ஆன்லைன்ல வாங்குதியளோ கடைல வாங்குதியளோ, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்தப் புரோக்ரசிவ் ஃபிரேம் நல்லா இருந்தா வீசிராதிய, அதுலயே புது லென்ஸ வெட்டிப் போடலாம்.

பெருமாள்புரம்83:

அக்கா, நான் கடைக்காரங்க எல்லாரையும் ஒரே மாதிரி எழுதிட்டேன்னு தோணுது. உங்களச் சொல்லல. என் அம்மாவுக்கும் 60 ஆச்சு, புரோக்ரசிவ்தான் போட்டுருக்காங்க, பூ கட்டும்போது கழட்டி வச்சுருவாங்க. இன்னைக்குத்தான் ஏன்னு கேக்கணும்னு தோணுச்சு.

முக்கூடல்காரன்:

சனிக்கிழமை போயிட்டு வந்துட்டாங்க. தட்ட ஒரு துணிப்பைல வச்சு பாபநாசம் பஸ்ல கொண்டு போயிருக்காங்க. அங்க பவர் பாத்த பொண்ணு தட்டப் பாத்ததும் எங்க ஆச்சியும் சுத்துவாங்கன்னு சொல்லி, தரைல உக்கார வச்சே பாத்துச்சாம். ரெண்டு கண்ணுலயும் கால் பவர் குறைச்சு எழுதிருக்கு, 2.50, 2.75. கண்ணாடி அங்கனயே போட்டுட்டாங்க, பழைய ஃபிரேம்லயே, லென்ஸுக்கு 650 ரூபா. ரெண்டு நாளா அதத்தான் போட்டுக்கிட்டு சுத்துதாங்கன்னு தங்கச்சி சொன்னா, நான் கேக்காமலே. பஸ்ஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் மேல தூரம், கீழ கிட்டம்னு ரெண்டு பவர் உள்ள பைஃபோகல் போடலாமான்னு அடுத்த தடவை கேட்டுக்கிடுதோம்.

என் தலவலிக் கண்ணாடிய இங்க பெங்களூர்ல ஒரு கடைல வச்சுப் பாக்கச் சொன்னேன். லென்ஸ் 62க்கு வெட்டிருக்கு, என் பிடி 66. ஆர்டர் போட்ட மெயில எடுத்துப் பாத்தேன், அவங்க சரியாத்தான் வெட்டிருக்காங்க, 62ன்னு போன்ல அளந்து கொடுத்தது நான்தான்.